அடுத்தடுத்த வளவில் பள்ளிவாசலும் யூத ஆலயமும்: பரமாரிபோவில் ஒரு நாள்

தென் அமெரிக்கா என்றதும் பிரேசிலின் உதைபந்தாட்டமும் அமேசன் காடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கண்டத்தின் வட கரையில் சுரினாம் என்றொரு சிறிய நாடு இருப்பதும், அதன் மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் முஸ்லிம் என்பதும் நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். வாருங்கள் நேயர்களே, அதன் தலைநகரான பரமாரிபோவை நண்பர்கள் சிலரோடு அவசரமின்றிச் சுற்றி வருவோம். பழைய நகரம் சிறியது; நடந்தே பார்த்துவிடலாம். வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது.

முதலில் ஆற்றங்கரையிலுள்ள ஸீலண்டியா கோட்டை. 1667இல் ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினர். அதே ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சுரினாம் ஒல்லாந்தருக்கும், இன்றைய நியூயோர்க் ஆங்கிலேயருக்கும் உரியதாயின! காலிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு ஒல்லாந்தரின் கைவண்ணம் இங்கும் தெரியும். கோட்டை இப்போது நூதனசாலை. ஆனால் 1982 டிசம்பர் 8ஆம் திகதி இராணுவ ஆட்சியை எதிர்த்த 15 பேர் இங்கே கொல்லப்பட்டனர். அதற்காக 2019இல், அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி பௌட்டர்ஸையே நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது.

கோட்டையிலிருந்து ஆற்றோரமாக நடந்தால் வெள்ளை நிற மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1821இலும் 1832இலும் பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தும், மக்கள் மீண்டும் மரத்தாலேயே கட்டினார்கள். 2002இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமையாக அறிவித்தது.

இந்த அழகுக்குப் பின்னால் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளின் வியர்வை இருக்கிறது. 1863 ஜூலை 1ஆம் திகதி அவர்கள் விடுதலை பெற்றனர். தோட்டங்களுக்கு ஆள் தேடிய ஒல்லாந்தர், 1873 முதல் வட இந்தியாவிலிருந்தும் 1890 முதல் ஜாவாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினர். இரு பக்கமிருந்தும் முப்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் வந்தனர். முஸ்லிம்கள் பெருகியது இப்படித்தான். நம் நாட்டு மலாய் முஸ்லிம்களின் முன்னோரையும் அதே ஒல்லாந்தர்தானே இங்கு கொண்டுவந்தனர்!

இனி கெய்ஸர் வீதிக்கு வாருங்கள். 1984இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் மினாராக்களோடு நிற்கிறது. அடுத்த வளவிலேயே 19ஆம் நூற்றாண்டின் யூத ஆலயம். உள்ளே தரை முழுவதும் மணல். பாலைவனத்தில் அலைந்த நாட்களின் நினைவு என்பார்கள். ஒளிந்து வணங்கிய காலத்தில் காலடி ஓசை கேட்காதிருக்க விரித்தது என்பாரும் உண்டு. இரு பெருநாட்களும் தீபாவளியும் நத்தாரும் இங்கு அரச விடுமுறை நாட்கள்.

பகலுணவுக்கு ஜாவாக்காரரின் சிறிய கடையொன்றில் அமருங்கள். ஹலாலா என்று கேட்டுவிட்டுச் சாத்தோ என்ற கோழி சூப்பைக் குடித்துப் பாருங்கள். இந்திய வழியினரின் ரொட்டிக் கடைகளும் நிறையவே உண்டு.

சாப்பிட்டபடி கேட்க ஒரு கதையும் இருக்கிறது. ஜாவாவிலிருந்து வந்தவர்கள், நம்மைப் போலவே, மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்கள். ஆனால் சுரினாமிலிருந்து மக்கா இருப்பதோ கிழக்கே! பலர் முன்னோர் வழியென்று மேற்கையே பற்றி நின்றனர். வேறு சிலர் கிழக்கே திரும்பினர். ஒரே இனத்துக்குள் இதனால் பிணக்கும் மனக்கசப்பும் வளர்ந்தன. ஊர் விட்டு வந்த மனிதருக்கு, தந்தை தொழுத திசையை விடுவது எளிதான காரியமா? இன்றும் அங்கே இரு வகைப் பள்ளிவாசல்களும் இருக்கின்றன.

மாலையில் ஆற்றங்கரைக்கே திரும்பி, காற்று வாங்கியபடி அந்த ஊராரைப் பாருங்கள். ஆபிரிக்கர், இந்தியர், ஜாவாக்காரர், சீனர் எல்லோரும் சிறானன் என்ற பொது மொழியில் அளவளாவுகிறார்கள். அவர்களின் முன்னோரில் பெரும்பாலோர் இங்கு விரும்பி வந்தவர்களல்லர். அயலவரைத் தெரிவு செய்யும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை. இருந்தும் பக்கத்து வளவுக்காரரோடு வாழப் பழகிக்கொண்டார்கள். அயலவரின் ஹக்கைப் பற்றி அடிக்கடி பேசும் நாம், அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவரத்தக்க காட்சி இது.