மணலில் எழுதிப் பழகியவர்



சென்ற மாதம் தரங்கம்பாடிக்குச் சென்றுவரக் கர்த்தர் கிருபை செய்தார். 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை, அலைகள் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், பள்ளிவாசல், 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் யாவும் அச்சிறிய மீனவர் ஊரில் அருகருகே நிற்கின்றன. அவ்வாலயத்திலேயே சீகன்பால்கு ஐயரின் கல்லறையும் உள்ளது. 36 வயதில் அவர் மறைந்தார்.

1706 ஜூலை 9-ஆம் நாள் கரையிறங்கிய அவர், போதிக்குமுன் கற்க அமர்ந்தார். திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. நம் கையிலுள்ள வேதத்தின் முன்வரலாறு அந்த மணலில் தொடங்குகிறது.

நம் ஆண்டவரும் பன்னிரண்டு வயதில் போதகர் நடுவில் அமர்ந்து, செவிகொடுத்து, வினவினார் (லூக்கா 2:46).

அடையாற்றில் நமக்கு அருகிலேயே ஊரூர் குப்பம் இருக்கிறது. அங்குள்ளோரிடம் மீன் வாங்குகிறோம், விலை பேசுகிறோம். படகு கடலுக்குப் போகாத நாளில் அவ்வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டிருக்கிறோமா? சாட்சி சொல்ல விரைகிற நாம், அவர்கள் சொல்வதைக் கேட்க எத்தனை முறை அமர்ந்திருக்கிறோம்?

இவ்வாரம் ஒருவரிடமாவது கற்பவராய் அமர, கர்த்தர் நமக்குத் தாழ்மையைத் தருவாராக. ஆமென்.