கடிகாரம் சொன்ன கணக்கு

வீரசோழனில் என் சிநேகிதியின் மகன் துபாய்க்குப் புறப்பட்டான். வழியனுப்ப நானும் போனேன். நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டி என்று கருவேலங்காட்டினூடே குலுங்கிக் குலுங்கி மதுரை விமான நிலையம் சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது!

அங்கிருந்து துபாய் சுமார் 3,000 கிலோமீட்டர். ஆகாயத்தில் ஏறக்குறைய 4 மணி நேரந்தான். கிழக்கே சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே தூரம். 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் சென்னையிலிருந்து அங்கே போக ஒரு வாரம் ஆகும்!

இன்னொரு வேடிக்கை. துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. கடிகாரத்தை நம்பினால், போவதற்கு இரண்டரை மணி, திரும்புவதற்கு ஐந்தரை!

சிநேகிதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுதான் போன பிள்ளைக சீக்கிரம் திரும்ப மாட்டேங்குதுகளோ?” என்றாள்.