அளவியை அளத்தல்

காவிரி பாயும் தஞ்சை நாடு நெல்வளம் மிக்கது. நெல் மிக்க நாட்டில் அளவைக்கும் மதிப்பு மிகுதி. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல்லளந்த மரக்காலை ‘ஆடவல்லான்’ என்று பெயர் கூறிக் குறிக்கின்றன. அது ‘இராசகேசரி’ என்னும் மரக்காலோடு ஒப்பது என்றும் அவை தெரிவிக்கின்றன. இத்தனை கலம் நெல் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த மரக்காலால் அளந்த நெல் என்பதும் விளங்க வேண்டும் என்பது அக்காலத்தார் கருத்துப் போலும்.

அந்நாட்டு மாணவருள் சிலர் இன்று ஓய்வு நேரத்தில் சிறிய மின்னணுச் சுற்றுகளை அமைத்துப் பழகுகின்றனர். அவர்கள் முதலில் வாங்க விரும்பும் கருவி இலக்கமுறை மல்டிமீட்டர் ஆகும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் அளக்கும் மின்னளவி இது. பல கருவிகளைச் சுமந்து திரிவதில் சலிப்புற்ற டொனால்டு மெக்காடி என்னும் ஆங்கில அஞ்சல்துறைப் பொறியாளர், மூன்றையும் ஒரு பெட்டியுள் அடக்கினார். அவர்தம் ‘ஆவோமீட்டர்’ 1923-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட்டு, ஓம் என்பவற்றின் முதலெழுத்துகளே அப்பெயராயின. அக்கருவியில் முள் அசைந்து அளவு காட்டிற்று. பின்னர், அளந்ததை எண்ணாக மாற்றும் சுற்று முழுவதும் ஒரே சில்லில் அடங்கியது. அதனால் இன்று சில நூறு ரூபாய்க்கே எண் காட்டும் அளவி கிடைக்கின்றது.

விலை குறைந்த கருவியை நம்பலாமா? விலையைக் கொண்டு தள்ளுதலும் தவறு. எண்ணைக் கண்டு மயங்குதலும் தவறு. சோதித்தறிதலே முறை.

முதற்கண் மின்தடை அளக்கும் நிலையில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்தல் வேண்டும். அப்போது தோன்றும் சிறு எண் கம்பிகளின் தடையாகும். சிறிய தடைகளை அளக்கும்போது அதனைக் கழித்துக்கொள்ளல் வேண்டும். அந்த எண் நிலையின்றி ஆடினால் கம்பியோ இணைப்போ பழுதுடையது.

அடுத்து, நூற்றுக்கு ஒன்று பிழை வரம்புடைய 1000 ஓம் மின்தடைகள் ஐந்தினை அளந்து பார்க்கலாம். மின்தடையின் பிழை பத்து ஓம். அளவியின் பிழை ஏறக்குறைய மற்றொரு பத்து. ஆகவே 980 முதல் 1020 வரை காட்டுவது குற்றமன்று. ஐந்தில் ஒன்று மட்டும் அவ்வரம்பைக் கடந்தால் குறை அந்த மின்தடையினது. ஐந்தும் ஒரே பக்கமாகக் கடந்தால் குறை பெரும்பாலும் அளவியினது. பள்ளி ஆய்வகத்து நல்ல அளவியோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். இராசகேசரியோடு ஆடவல்லானை ஒப்பிட்டதும் இத்தகைய முறையே.

கருவியினுள் இருக்கும் மின்கலத்தையும் மறத்தல் ஆகாது. அது தளர்ந்தபின் அளவி பெரும்பாலும் மெய்யளவினும் மிகுதியாகக் காட்டும். தளர்ச்சிக்குறி தோன்றியவுடன் மின்கலத்தை மாற்றுதல் நன்று.

அளத்தலே பொருளை மாற்றிவிடுதலும் உண்டு. பானைச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்துப் பதம் பார்த்தால் சோறு குறையாது. கைப்பிடிச் சோற்றில் அகப்பையை இட்டால் மிஞ்சுவது என்ன? பத்து இலட்சம் ஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 9 வோல்ட்டு மின்கலத்தில் பொருத்தினால், அவற்றுள் ஒன்றன் குறுக்கே 4.5 வோல்ட்டு இருத்தல் வேண்டும். பத்து இலட்சம் ஓம் உள்தடையுடைய மலிவான அளவி அங்கே 3 வோல்ட்டையே காட்டும். ஒரு கோடி ஓம் உள்தடையுடைய அளவியோ ஏறத்தாழ 4.3 வோல்ட்டு காட்டும். முன்னது பொய் சொல்லவில்லை. தான் இணைந்த பின்பு அங்குள்ள அழுத்தத்தையே சொல்கின்றது. இச்சோதனையால் அளவியின் உள்தடை இன்னதென மாணவன் தானே கணக்கிட்டறியலாம்.

இதுவரை கூறிய பிழைகளால் இழப்பது ஓர் எண்ணே. உயிரையே இழக்கச் செய்யும் பிழையும் உண்டு. மேட்டூர் நீர் வருமுன் ஆழ்துளைக் கிணற்று நீரால் குறுவை நாற்றங்கால் விடும் ஊர்களில், வயலோரம் மோட்டார்க் கொட்டகைகள் பல. அங்கு வரும் மும்முனை மின்சாரத்தின் கம்பிகளுக்கிடையே 400 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் உண்டு. மோட்டார் நின்றுவிட்டது, நாற்று வாடுகின்றது, தந்தை கவலையுறுகின்றார். கையில் புதிய அளவி இருக்க, பெட்டியைத் திறந்து பார்க்க மாணவனுக்கு ஆவல் எழுதல் இயல்பே. கருவியின் முகப்பில் 600 வோல்ட்டு என்றும் அச்சிட்டிருக்கும்.

ஆயினும் அச்செழுத்து காப்பாகாது. மலிவான அளவிகள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு மின் உருகி இல்லை. முனைக்கம்பியை அத்துளையில் மறந்து விட்டு மின்னழுத்தத்தை அளக்கத் தொட்டால், அளவியே குறுக்கு வழியாகிப் பெருமின்னோட்டம் பாயும். தீப்பொறி சிதறிக் கையைக் கருக்கும். நிலையாகப் பொருத்திய மோட்டார்களுக்குரிய மூன்றாங்காப்பு வகையைச் சேர்ந்த கருவியும், உரிமம் பெற்ற மின்பணியாளருமே அவ்விடத்துக்கு உரியர்.

ஆகவே, சோதனையில் தேறிய மலிவான அளவி மின்கலத்தால் இயங்கும் சிறு சுற்றுகளுக்குப் போதிய துணையாகும். கொட்டகைப் பெட்டிக்கு ஆகாது. அவ்வரம்பறிந்த மாணவன் பெட்டியைத் திறவாமல் மின்பணியாளரை அழைத்துவர ஓடுவான். நாற்று ஒரு நாள் வாடினும் மறுநாள் நீர்பெற்றுத் தழைக்கும். போன உயிர் மீளாது.