மதர் மத்தில்த்துக்கு முன்னால்

பினாங்கில் ஆண் பிள்ளைகளுக்கு 1816-லேயே ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது. ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் அது. பெண் பிள்ளைகளுக்கு எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள்? லைட் ஸ்திரீட் கான்வென்ட்டைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி மனதில் எழும். விசாரித்தால் 1852 என்பார்கள். மதர் மத்தில்த் என்ற பெயரும் கூடவே வரும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினேன்.

1814-இல் பிரான்சில் பிறந்த மத்தில்த் ரக்லோ, குழந்தை இயேசு சபைக் கன்னியாஸ்திரீ. அவர் பினாங்கில் கரையிறங்கியது 1852 அக்டோபரில். ஆனால் அந்தச் சபையின் சகோதரிகள் ஏப்ரலிலேயே இங்கு வந்துவிட்டார்கள். இடையில் இருந்த அந்த ஆறு மாதத்தை என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை.

ஏப்ரலில் வந்த குழு, 1851 டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறியது. தலைமை தாங்கிப் புறப்பட்ட மதர் செயின்ட் போலின் ஊர் வந்து சேரவில்லை, கடற்பயணத்திலேயே இறந்துபோனார். பள்ளி நடத்தத் தலைவி இல்லாமல், பழக்கமில்லாத ஊரில் வந்து இறங்கினார்கள் மற்றவர்கள். பொறுப்பை ஏற்கத்தான் மத்தில்த் அனுப்பப்பட்டார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். எகிப்தைத் தரைவழியே கடந்து, மறுபடியும் கப்பலேறி வந்திருக்கிறார். கான்வென்ட்டின் கதையைச் சொல்பவர்கள் போலினின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன்.

மத்தில்த் நிர்வாகத்தில் தேர்ந்தவர். பள்ளி, விடுதி, அனாதைக் குழந்தைகள் இல்லம் மூன்றையும் சேர்த்தே நடத்துவது அவர் சபையின் வழக்கம். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கட்டும் கட்டணம், கதியற்ற குழந்தைகளின் சோற்றுக்கும் உதவியது. 1854-இல் அவர் சிங்கப்பூர் போய் அங்கும் ஒரு கான்வென்ட் தொடங்கினார். பினாங்கில் சகோதரிகள் 1859-இல், ஆங்கிலேய ஆளுநர்கள் குடியிருந்த பழைய மாளிகையை வாங்கினார்கள். லைட் ஸ்திரீட் அதற்குப் பிறகுதான் பள்ளியின் முகவரி ஆனது. 1872-இல் மத்தில்த் ஜப்பானுக்குப் போனார். 1911-இல் 96 வயதில் யோகோஹாமாவில் காலமானார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, நம் தமிழ்ப் பெண்களுக்குப் படிப்பு வேண்டும் என்று யார் கேட்டார்கள் எனத் தேடினேன். அந்தத் தடம் சிங்கப்பூருக்கு இட்டுச் சென்றது. 1887-இல் அங்கே ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் ஒன்பது பெண் பிள்ளைகளோடு ஒரு பள்ளி திறந்தது. பெயர், தமிழ்ப் பெண்கள் பள்ளி. நடத்தியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த மெதடிஸ்ட் ஊழியர் சோஃபியா பிளாக்மோர். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் ஆதி அதுதான். எங்கள் பெண்களுக்கும் படிப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் அங்கிருந்த தமிழ் வணிகர்கள். அந்தக் காலத்தில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதற்கே உறவினரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். இவர்களோ தாமாகவே போய்க் கேட்டிருக்கிறார்கள். பிளாக்மோருக்குக் கொடுக்கும் மரியாதையை அந்தத் தகப்பன்மாருக்கும் நான் கொடுப்பேன்.