ராஜபாளையம் நாய் வாங்கப் போகிறீர்களா?

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் என்னோடு உட்காருங்கள். நான் மிருக வைத்தியன் அல்ல. நாய் வியாபாரியும் அல்ல. இந்த ஜாதி நாய் ஒன்றுடன் பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவன். அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன்.

ராஜபாளையம் நாயை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு மனசு பறிபோகத்தான் செய்யும். பால் வெள்ளை உடம்பு; ரோஜா நிற மூக்கு; நீண்ட கால்கள்; ஒட்டிய வயிறு. நிமிர்ந்து நின்றால் தோள் இரண்டேகால் அடி உயரம் வரும். 2005-ல் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்காக நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது அதில் ஒன்றில் இதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இதன் பெயரையும் சொன்னார். இவ்வளவு கீர்த்தி இருந்தால் ஆசை வராமல் என்ன செய்யும்? வரட்டும், சந்தோஷந்தான். ஆனால் வீட்டுக்கு யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

மேற்கு மலையடிவாரத்துக் காடுகளில் காட்டுப் பன்றியைத் துரத்துவதற்காக வளர்த்த நாய் இது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த உத்தியோகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆனால் இந்தச் சமாசாரத்தை நாய்க்கு யாரும் தெரிவிக்கவில்லை! அதன் கால்கள் இன்றைக்கும் ஓட்டம் கேட்கின்றன. காலையில் ஒரு ஓட்டம், மாலையில் ஒரு ஓட்டம் இல்லாவிட்டால் உங்கள் செருப்பும் சோபாவும் பன்றியின் ஸ்தானத்துக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பூனை, எதிர் வீட்டுக் கோழி இவற்றைப் பற்றி நான் விஸ்தரிக்க விரும்பவில்லை.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், மூன்றாவது மாடி பால்கனியில் இப்படி ஒரு நாயைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்; வேளா வேளைக்குச் சோறும் கறியும் போட்டார்கள். நாள் முழுவதும் அது மூன்றடி இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும். ஏழாம் மாதம் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்புக்கு அதை அனுப்பிவிட்டார்கள். நாய்க்கு அது விமோசனம் என்றுதான் சொல்லவேண்டும்.

இன்னொரு குணம். எல்லோரிடமும் வாலை ஆட்டிக் குழையும் நாய் அல்ல இது. வீட்டு மனிதர்களில் ஒருவரை எஜமானாக வரித்துக்கொள்ளும், மற்றவர்களைச் சகித்துக்கொள்ளும். எங்கள் வெள்ளையன் என் மனைவியைத்தான் வரித்துக்கொண்டான். அவனுக்கு லைசென்ஸ் வாங்கியதும், ஊசி போட அழைத்துப் போனதும் நான். அதையெல்லாம் அவன் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. வந்த விருந்தாளி தலையைத் தடவப் போனால் கடிக்கமாட்டான். எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்து விளையாட ஒரு நாய் வேண்டும் என்றால் வேறு ஜாதியைப் பாருங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த வெள்ளையைப் பார்த்து நாம் சொக்கிப் போகிறோமோ, அந்த வெள்ளையிலேதான் வில்லங்கம் இருக்கிறது. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்காதிலும் இருக்கவேண்டும். அவை இல்லாத காதில், ஒலியை வாங்கும் நுண்ணிய அணுக்கள் பிறந்த சில வாரங்களுக்குள் பட்டுப்போகின்றன. நிறமுள்ள குட்டிகளைக் கழித்துக் கழித்து, அப்பழுக்கற்ற வெள்ளையையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் பலன் இது. எல்லா ராஜபாளையமும் செவிடு அல்ல. வெள்ளையன் சமையலறையில் பால் பாத்திரத்தைத் திறக்கிற சத்தத்தைத் தெருக்கோடியிலிருந்து கேட்பான். ஆனால் இந்த ஜாதியில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது சகஜம்.

ஆகவே, குட்டிக்கு ஆறு வாரமாவது ஆனபிறகு போய்ப் பாருங்கள். கூடப் பிறந்ததுகளோடு இருக்கும்போது சோதிக்காதீர்கள். மற்றவை ஓடினால் செவிட்டுக் குட்டியும் கூடவே ஓடும். தனியே எடுத்து வைத்து, அதன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து சாவிக் கொத்தை ஆட்டுங்கள். கிட்டத்தில் கை தட்டினால் காற்று மேலே பட்டுத் திரும்பிவிடும். தரையில் உதைத்தால் அதிர்ச்சியில் திரும்பிவிடும். சத்தம் கேட்டும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் நாலு திசையிலும் தேடுகிறதா? ஒரு காது மட்டும் கேட்காமலிருக்கலாம். அதை நிச்சயம் செய்ய மூளையின் மின்னலைகளை வைத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்றுதான் வழி. ஒரு காது செவிடானாலும் அது சுகமாக வாழும். ஆனால் அதை இனவிருத்திக்கு விடக்கூடாது.

சென்ற வருஷம் என் சிநேகிதர் ஒருவரும் அவருடைய பெண்ணும் குட்டி பார்க்கக் கிளம்பினார்கள். துணைக்கு நானும் போனேன். ஆறு குட்டிகள். தகரத் தட்டை ஆட்டியதும் ஐந்து எழுந்து ஓடி வந்தன. எல்லாவற்றிலும் அழகான ஆறாவது குட்டி அசையாமல் தூங்கிற்று. "அது சும்மா தூங்குமூஞ்சிங்க, சார்" என்றார் வளர்ப்பவர். சாவிக் கொத்தை ஆட்டினேன். பிறகு அவரிடமே கொடுத்து ஆட்டச் சொன்னேன். அவர் முகம் சிறுத்துவிட்டது.

"காது கேட்காத குட்டியை யார் வாங்குவாங்க, மாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விற்காத குட்டிகள் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை, அவள் கேட்கவுமில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். வார்த்தைக்குப் பதில் கையசைவில் பழக்கவேண்டும், கயிறில்லாமல் தெருவில் விடவே கூடாது, தூங்கும்போது திடீரென்று தொட்டு எழுப்பினால் மிரண்டு கடித்துவிடலாம் என்றெல்லாம் சொன்னேன். பின்பக்கம் அரை ஏக்கர் காலி நிலமும் சுற்றுச் சுவரும் அவர்களுக்கு இருந்தன. அந்தக் குட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

போன வாரம் போயிருந்தேன். வாசலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மரப்பலகையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினாள். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் உள்ளங்கையை மடக்கிக் காட்டினாள். எழுந்து வந்தது. என்னைக் கடந்துதான் போயிற்று. ஆனால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.