சுவைக்கும் உரிமை

குடியைக் கண்டித்து மேடைகளில் பேசியவன் நான். அத்தகையவன் விஸ்கியின் சுவையைப் பற்றி எழுதப் புகுந்தால், "ஊருக்குத்தான் உபதேசமோ?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கண்டதை மறைப்பது பகுத்தறிவு பேசுவோனுக்கு அழகன்று.

ஸ்காட்லாந்தில், ஸ்பே ஆற்றுப் புறத்தில், பென் ரின்னஸ் மலையடியில் கிளென்பார்க்ளஸ் என்னும் வடிசாலை இருக்கிறது. 1836-இல் உரிமம் பெற்றது. 1865 முதல் கிராண்ட் குடும்பத்தார் கையில் இருந்து வருவது. நண்பர் ஒருவர் அழைக்க அங்குச் சென்றிருந்தேன். 1979-ஆம் ஆண்டில் வடிக்கப்பட்டு, ஷெர்ரிப் பீப்பாயில் 40 ஆண்டுகள் கிடந்த விஸ்கியில் இரண்டு மடக்கு அளவே என்முன் வைக்கப்பட்டது.

முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து, வெந்நீரில் கலக்கி, அச்சாற்றைப் புளிக்கவைத்துச் செம்பு வாலையில் இருமுறை வடிக்கிறார்கள். அப்பொழுது வெளிவரும் சாராயம் தண்ணீரைப்போல் நிறமற்றது. நிறத்தையும் மணத்தையும் தருபவை ஓக் மரமும் காலமுமே. ஸ்பெயின் தேசத்து ஹெரெஸ் பகுதியின் ஷெர்ரி என்னும் திராட்சை மது, முற்காலத்தில் பீப்பாய்களிலேயே பிரிட்டனுக்குக் கப்பலேறி வந்தது. காலியான அப்பீப்பாய்களை விஸ்கி வடிப்போர் வாங்கிப் பயன்படுத்தினர். மரத்தில் ஊறிய ஷெர்ரியின் குணம் விஸ்கியில் இறங்கியது.

மூன்றாண்டுகளேனும் பீப்பாயில் கிடவாததை ஸ்காட்ச் விஸ்கி என்று விற்கச் சட்டம் இடங்கொடாது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது. அதனைத் 'தேவதைகளின் பங்கு' என்பர். நம் நாட்டுப் படையலைப் பூசாரி உண்கிறார். இப்படையலையோ உண்மையாகவே காற்று உண்கிறது!

கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனேன். "பொறுங்கள், முதலில் முகர்ந்து பாருங்கள்" என்றார் நண்பர். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், நெடுநாள் பூட்டிக் கிடந்த மரப்பெட்டி என ஒவ்வொரு மணமாக எழுந்தது. சில துளி நீர் விட்டதும் அடங்கியிருந்த மணம் விரிந்தது. அரைமணி நேரம் சென்றது. நான் பருகியதோ ஒரு மடக்குத்தான்.

அப்பொழுதுதான் என் தந்தையார் நினைவுக்கு வந்தார். மலேசியாவில் பால்மரம் வெட்டியவர் அவர். கூலி வாங்கிய அன்றே தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போவார். ஒரே மூச்சில் விழுங்குவார். அவர் முகர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அன்றிரவு என் தாயார் அரிசிக் கடனுக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அளவறியாதவர் என்று அவரை நான் மனத்துக்குள் இகழ்ந்ததுண்டு. ஆனால் சுவைப்பதற்கு ஓய்வு வேண்டும். வயிற்றில் சோறு வேண்டும். நாளையைப் பற்றிய அச்சமின்மை வேண்டும். இவற்றுள் ஒன்றையும் அவருக்கு எவரும் தரவில்லை. கள்ளை மட்டும் கூப்பிடு தூரத்தில் வைத்தார்கள். நான் நினைத்து நினைத்துச் சுவைத்தேன். அவர் மறப்பதற்காகக் குடித்தார்.

கிண்ணத்தில் எஞ்சியதைக் குடித்தேனா என்று கேட்பீர்களானால், குடித்தேன். நன்றாகவே இருந்தது. கள்ளினால் அழிந்த குடும்பங்களை நான் மறந்துவிடவில்லை. மதுவுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஆயினும் இனி மேடையேறினால், குடிப்பவனைப் பழிப்பதற்கு முன்னால் அவனுக்குரிய கூலியையும் ஓய்வையும் கேட்பேன். தந்தையாருக்கு நான் செலுத்தத் தவறிய கடன் அது.