ஆயில் எஞ்சின்

தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் பெருவழியில் உள்ளது மூலனூர். வானம் பார்த்த பூமி அது. பருத்தியும் முருங்கையும் விளையும் அம்மண்ணில் உழவரின் உயிர்நிலை கிணறே. முற்காலத்தில் கவலை ஏற்றம் கட்டி நீர் இறைத்தனர். எருதுகள் இரண்டும் சரிவில் இறங்கி, நீர் நிறைந்த பறியை மேலே இழுக்கும்; பின்பு பின்புறமாகவே நடந்து மேடேறும். எருது இளைத்தால் பயிரும் இளைக்கும். அவற்றின் தோளிலிருந்து அச்சுமையை இறக்கியது டீசல் எஞ்சின். ஊரார் அதனை ஆயில் எஞ்சின் என்பர்.

1897-இல் ஜெர்மனியின் ஆக்சுபர்க் நகரில் இதனைச் செம்மையாக இயக்கிக் காட்டியவர் ருடால்ப் டீசல். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்த மின்பொறி வேண்டும். இதற்கு அது வேண்டா. தீ எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்தே வருகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் சிறுவன் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால், அது சுடுவதை உணர்வான். நெருக்குண்ட காற்று வெப்பமடைதல் இயல்பு. எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று மட்டுமே புகுகிறது. மேலேறும் பிஸ்டன் அதனை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்க, வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேற்படுகிறது. அந்நொடியில் நுண்துளை வழியே டீசல் பனிபோல் தூவப்படுகிறது. தானே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலேறும் பிஸ்டன் புகையை வெளியேற்றுகிறது. இந்நான்கு அசைவுகளுள் ஆற்றல் தருவது ஒன்றே. ஏனைய மூன்றையும் நடத்துவது, அவ்வாற்றலைத் தேக்கிச் சுழலும் கனத்த சக்கரம்.

எஞ்சினைக் கையால் முடுக்குவோர் முதலில் ஒரு நெம்புகோலால் வால்வைத் திறந்து வைப்பர். காற்று நெருக்குண்ணாதவரை சக்கரம் எளிதிற் சுழலும். வேகம் பிடித்தபின் நெம்புகோலை விட்டால், ‘டப் டப்’ என்று ஓசை எழும்.

ஆயினும், நீரை உறிஞ்சும் பம்புக்கு ஓர் எல்லை உண்டு. வளிமண்டல அழுத்தம் நீரை ஏற்றவல்ல உயரம் சுமார் 10 மீட்டரே. நடைமுறையில் அதனினும் குறைவு. நீர்மட்டம் தாழ்ந்த கிணறுகளில் எஞ்சினையும் உள்ளே இறக்க நேர்ந்தது. ஆங்கே ஒரு கேடு காத்திருந்தது. எஞ்சினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. ஆழ்ந்த கிணற்றில் தேங்கி, இறங்குவோர் உயிரைக் கவர வல்லது. புகைக்குழாயை மேலே நீட்டுவது மட்டும் போதாது. எஞ்சின் ஓடுகையில் ஆள் உள்ளே இறங்கலாகாது.

மின்மோட்டார் பரவியபின் கிணற்றடியில் அவ்வோசை அருகிற்று. லாரியிலும் டிராக்டரிலும் அதே முறை இன்றும் தொழிற்படுகிறது. அதற்கு நிலத்தடி எண்ணெய்தான் வேண்டும் என்பதும் இல்லை. 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. கண்டவருள் மிகச் சிலரே அதனை அறிந்திருந்தனர்.